பிரேக்கில் விரல் வைத்தபடி நான்கு நாள்

வெலிமடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் காலை ஆறு மணிக்கு முன்பே அடுப்பு எரிந்துவிடும். 2023 ஜூலை நடுவில் ஒரு நாள், அந்தக் கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பிளேன்டி சொன்னேன். கடைக்கார ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்கிய பைகளையும், மேலே கட்டியிருந்த தார்ப்பாய்ச் சுருளையும்தான் பார்த்தார்.

"எங்க தம்பி, சந்தைக்கா?"

"இல்லங்கய்யா, மட்டக்களப்புக்கு. அங்கருந்து திருகோணமலை, வவுனியா, தலைமன்னார்."

"இதுலயா?"

"இதுலதான்."

"கூட யாரு?"

"யாரும் இல்லங்க."

கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஒரு விருந்தாளி. போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில் ஓடியது. மட்டக்களப்பில் இன்றைக்கும் பாடசாலை விட்டால் வீதி நிறையச் சைக்கிள்தான். மலையகத்தில் அப்படி இல்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு வரவே நூறு படி இறங்க வேண்டும். ரோட்டுக்கு வந்தாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். நான் பிறந்த தோட்டத்தில் என் வயதுப் பிள்ளைகள் இருபது பேர் இருந்தோம். அதில் ஒருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நான் கற்றுக்கொண்டதே இருபத்தோராம் வயதில், வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பிறகு. சமதரையைக் கண்ட பிறகு என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இந்தப் பயணம் எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அதையொட்டி ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அன்று எங்கள் பாட்டன்மார் தோணியில் வந்து இறங்கிக் காடு வழியே நடந்த திசை அது. வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடை தொடங்கும் நாளில் நான் தலைமன்னாரில் நிற்க வேண்டும், அதுவும் மலையிலிருந்து என் சொந்தக் காலால் இறங்கிப் போய் நிற்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

தனியாக என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் சனம் இந்த இருநூறு வருடத்தில் தூரப் பயணம் போகாத சனம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்தையும் வேறு யாரோ ஏற்பாடு செய்தார்கள். வரும்போது கங்காணி கூட்டி வந்தார். வந்த பிறகு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். அதற்குப் பிறகு 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். என் அம்மாயியின் தங்கச்சி பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனவர். எந்த நாளில், எந்தப் பெட்டியில், எவ்வளவு சாமானோடு போவது என்பதையெல்லாம் ஒரு காகிதம் தீர்மானித்தது. காலையில் எழும்பி, எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதைத் தானே முடிவு செய்கிற பயணம் எங்கள் குடும்பத்தில் அநேகமாக இதுதான் முதலாவது. யாருடைய துண்டும் இல்லாமல் புறப்படுவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

சைக்கிள் 2022இல் வாங்கியது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு முழுக்க நின்றும் கிடைக்காத நாட்கள் இருந்தன. நாடு முழுவதும் சைக்கிளுக்கு ஓடியது. விலையும் கூடவே ஓடியது. நான் வாங்கியது பழைய இரும்புச் சட்டம் போட்ட மலைச் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். ரிம்மை இரண்டு பக்கமும் கட்டை கவ்வுகிற வகைப் பிரேக். இந்தக் கட்டைகளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டி வரும்.

புறப்பட்ட காலையில் சாமான் மட்டும் 24 கிலோ. முதல் தடவை தூரப் பயணம் போகிறவர் மூட்டை கட்டும்போது உண்மையில் தன் பயத்தைத்தான் கட்டுகிறார். குளிருமோ என்று இரண்டு கம்பளி, பசிக்குமோ என்று ஐந்து கிலோ சாப்பாட்டுச் சாமான், பொழுது போகாதோ என்று மூன்று புத்தகம். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றுகூட இருந்தது. வங்காளத்து ராமநாத் விஸ்வாஸ் 1931 ஜூலை 7ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து உலகம் சுற்றச் சைக்கிளில் புறப்பட்டபோது அவரிடம் இருந்தவை இரண்டு போர்வை, ஒரு சோடிச் செருப்பு, சைக்கிள் கருவிப் பெட்டி. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நான் கம்பளியை எடுத்து வெளியே வைக்கவில்லை. படிப்பது வேறு, தொடை வலிப்பது வேறு.

வெலிமடையிலிருந்து எட்டம்பிட்டிய வழியாக ஹாலிஎல, அங்கிருந்து பதுளை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா என்று மலையையும் காட்டையும் கடந்து செங்கலடியில் போய் விழுகிற நெடுஞ்சாலை இது. முதல் நான்கு நாளும் இந்த ஒரே ரோட்டைப் பிடித்துப் போவது என்றுதான் திட்டம்.

ஜூலையில் வெலிமடைப் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே தட்டு வயல்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுவார்கள். படிப்படியாக இறங்கும் பச்சை, நடுவில் மண் சிவப்பு, கீழே உமாஓயா. அந்த நேரத்தில் முதுகில் காற்றுத் தள்ள ஆரம்பித்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் ஊவாப் பக்கம் வரும்போது வெறும் வறண்ட காற்றாகத்தான் இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற இந்தக் காற்றில்தான் கொழுந்து தண்ணீர் குறைந்து, வாசனை ஏறி, ஊவாத் தேயிலைக்கென்று உலகச் சந்தையில் ஒரு தனி இடம் கிடைத்தது. கிழக்கே போகிற சைக்கிள்காரனுக்கும் அது நல்ல காற்று. மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்த மாதம் இல்லை, தானாக அமைந்தது.

காற்று முதுகில், ரோடு இறக்கத்தில் என்றால் சுகம்தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே கைவிரல்கள் மரத்துவிட்டன. சைக்கிள் பயணக் கதைகள் எல்லாம் ஏற்றத்தைப் பற்றியே பேசுகின்றன. மலையிலிருந்து புறப்படுகிறவனுக்கு முதல் வேலை மிதிப்பது இல்லை, பிடிப்பது. என் எடை 62 கிலோ, சாமான் 24, சைக்கிள் 16. நூறு கிலோவுக்கு மேல் ஒரு பாரம் சரிவில் உருள்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே பஸ் வருமோ என்ற நினைப்பு. பாரம் முழுக்கப் பின்சக்கரத்தின் மேல் இருந்ததால், வேகம் கூடினால் ஹாண்டில் தானாக நடுங்கியது. பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் அமுக்கியபடியே இறங்கினேன். அது தவறு என்று அப்போது தெரியாது.

பதுளை அத்தை வீட்டில் இரவு. பதுளையில் ஒரு காலத்தில் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து இறந்தார். பதுளைச் சாந்த மார்க் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானைகள்தான் நினைவுக்கு வரும். நாளை மறுநாள் நான் போக இருக்கிற காட்டில் மிச்சம் இருப்பவை அவற்றின் பேரப்பிள்ளைகள்.

அன்று இரவு பைகளைத் தரையில் கொட்டினேன். அடுப்பு, ஒரு கம்பளி, இரண்டு புத்தகம், அரிசி, பருப்பு, இரண்டாவது சப்பாத்து எல்லாம் ஒரு சாக்கில் போயின. காலையில் அந்தச் சாக்கை வெலிமடை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். ஒன்பது கிலோ குறைந்தது.

இப்படிக் குறைப்பதில் உலகத்திலேயே பெரிய மனமாற்றம் கண்டவர் என்று நான் நினைப்பது அன்னி லண்டன்டெரியைத்தான். அவருடைய சொந்தப் பெயர் அன்னி கோஹன் கொப்சொவ்ஸ்கி. மூன்று பிள்ளைகளின் தாய். 1894 ஜூனில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்டார். லண்டன்டெரி என்பது நூறு டொலர் கொடுத்த போத்தல் தண்ணீர்க் கம்பனியின் பெயர். அதையே தன் பெயராக்கிக்கொண்டார். நீண்ட பாவாடை உடுத்தி, 42 றாத்தல் எடையுள்ள பெண்கள் சைக்கிளில் போனார். சிக்காகோ போய்ச் சேரவே செப்டெம்பர் ஆகிவிட்டது. உடம்பு இருபது றாத்தல் இளைத்துப் போனது. விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்தவர், பாரச் சைக்கிளை மாற்றி 21 றாத்தல் எடையுள்ள ஆண்கள் சைக்கிளை எடுத்தார். பாவாடையை விட்டுக் காற்சட்டைக்கு மாறினார். மேற்கே போகிற திட்டத்தையும் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிக் கிழக்கே போனார். அந்தச் சுற்றில் கொழும்புக்கும் வந்து போனார். எங்கள் அம்மாயிகள் கொழுந்து நிறுத்த அதே றாத்தல் கணக்கு என்பதால், 42க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் எனக்குக் கையிலேயே தெரிகிறது. அவர் முதல் மூன்று மாதத்தில் கண்டுபிடித்ததை நான் ஒரே இரவில் கண்டுபிடித்தேன் என்றால், அதற்கு அத்தை வீட்டுத் தரையும் வெலிமடை பஸ்ஸும்தான் காரணம்.

இரண்டாம் நாள் பதுளையிலிருந்து பசறைக்கு ஏற்றம். வலப்பக்கம் நமுனுகுலை மலை, 2,036 மீற்றர். ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டும் நடக்கிற வேகம்தான். இரண்டு கிலோமீற்றருக்குப் பிறகு இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சைக்கிளில் உலகத்தை முதன்முதலில் சுற்றிய தோமஸ் ஸ்டீவன்ஸ், 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். அவருடையது முன்சக்கரம் ஆளுயரம் நிற்கிற பழைய வகைச் சைக்கிள். சில நாளிலேயே சியரா நெவாடா மலை வந்துவிட்டது. ரோடெல்லாம் பனி. ரயில் பாதையைப் பனி மூடாமல் இருக்க அதன் மேல் மைல் கணக்கில் மரக் கூரை போட்டிருந்தார்கள். அந்த இருட்டுக் கொட்டகைக்குள்ளே தண்டவாளத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். உலகம் சுற்றிய முதல் சைக்கிள் பயணத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு பெரிய பங்கு நடைதான்.

ரோட்டோரத்தில் ஒரு கொழுந்து மடுவம். பகல் நிறுவைக்கு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வியர்த்து ஒழுகத் தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்து ஒரு அக்கா கேட்டார்:

"எந்தத் தோட்டம் தம்பி?"

எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை. மலையகத்தில் ஒரு ஆளை நிறுத்துப் பார்க்கிற தராசு இந்தக் கேள்விதான். தோட்டம் சொன்னால் டிவிசன் கேட்பார்கள். டிவிசன் சொன்னால், "அங்க கணக்கப்பிள்ளையா இருந்தாரே, அவரு..." என்று தொடங்கி, பத்தாவது நிமிஷத்தில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றும் கண்டுபிடித்தார்கள். அந்த அக்காவின் கொழுந்தியாளை எங்கள் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. துணியில் சுற்றிய ரொட்டியில் பாதியைப் பிய்த்து, கட்டச்சம்பல் தடவி நீட்டினார். தண்ணீர்ப் போத்தலில் சாயத்தண்ணி ஊற்றினார்கள். ஒரு வயதான அம்மா சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து சீட்டை அமுக்கிப் பார்த்தார். "இது கெட்டியால்ல இருக்கு. இதுலயா நாள் முழுக்க ஒக்காந்திருக்கீங்க?" என்றார். நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறவர் உட்கார்ந்திருப்பவனுக்காக இரக்கப்பட்டார்.

அவர்களில் ஒருவரும் சைக்கிள் ஓட்டியதில்லை. மலை தடுத்தது என்று சொல்லலாம். ஆனால் மலை மட்டும் தடுக்கவில்லை. எங்களில் பலருடைய பூர்வீகம் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், இராமநாதபுரம். அந்தப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்து நிற்காமல் தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பின்னால் வைத்துக் கொண்டு போகவும் அவர்களால் முடிந்தது. கடல் தாண்டி வராமல் இருந்த அதே வம்சத்துப் பெண்கள் அவர்கள். மடுவத்தில் நின்ற அம்மா சீட்டிலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் நின்றது இன்னும் என் கண்ணுக்குள்ளே இருக்கிறது.

பசறையைத் தாண்டிய பிறகு லுணுகலைப் பக்கம் ரோடு இறங்கும். பதின்மூன்றாம் கட்டையில் 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடத்தில் இறங்கி, நடந்து கடந்தேன். அது பயமா மரியாதையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு நீளமான சரிவில் மூக்கில் ஏதோ கருகும் வாடை அடித்தது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிரேக் கைப்பிடி ஹாண்டிலைத் தொடும் வரை வந்த பிறகும் சைக்கிள் நிற்கவில்லை. காலை ரோட்டில் தேய்த்து, மண் மேட்டில் சக்கரத்தை ஏற்றித்தான் நிறுத்தினேன்.

ரிம்மைத் தொட்டேன், விரலை உடனே எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்கல் சூடு. பின்பக்கத்துக் கட்டை இரண்டும் ரப்பர் தேய்ந்து, ஓரத்தில் உள்ளே இருக்கும் இரும்பு மினுங்கியது. காலையில் கட்டையில் நீளக் கோடுகளாகப் பள்ளம் இருந்தது. இப்போது ஒரு கோடும் இல்லை, வழுவழு என்று கண்ணாடி மாதிரி இருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இரும்பு ரிம்மை அறுத்திருக்கும். அந்தச் சூட்டில் டியூப் வெடிப்பதும் உண்டு. பங்சர் சாமான், இரண்டு டியூப், சங்கிலி இணைப்பு, கம்பி எல்லாம் கொண்டு வந்தவன் நாற்பது கிராம் எடையுள்ள பிரேக் கட்டையைக் கொண்டு வரவில்லை. சமதரையில் சைக்கிள் கற்றவன் செய்கிற பிழை அது.

மண் மேட்டில் உட்கார்ந்து ரிம் ஆறும் வரை காத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இறங்கக் கற்றுக்கொண்டேன். விடாமல் அமுக்கினால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வேகம் கூடவிட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒரே மூச்சில் குறைத்து, மறுபடி விட்டுவிட வேண்டும். விட்ட இடைவெளியில் காற்று ரிம்மை ஆற்றும். முன் பிரேக்குக்குப் பயப்படக் கூடாது. நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால் உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளிக்கொண்டால் தலைகுப்புற விழ மாட்டோம். முன்கட்டைகளில் இன்னும் பாதி ரப்பர் இருந்தது. அவற்றில் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நின்று நின்று லுணுகலைக்கு வந்தேன்.

லுணுகலை டவுனில் மோட்டார் சைக்கிள் சாமான் இருந்தது. ஓட்டோச் சாமான் இருந்தது. சைக்கிள் பிரேக் கட்டை எந்தக் கடையிலும் இல்லை. "இதெல்லாம் கீழ போனாத்தான் தம்பி" என்றார் ஒருவர். கேட்காமலே இருந்திருக்கலாம்; பதில் எனக்கே தெரியும்.

அன்று இரவு கூடப் படித்த நண்பனின் தோட்டத்து வீட்டில் தங்கல். பழைய லயம். முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பிரா, பின்னால் குசினி. வீட்டில் ஆறு பேர். ஏழாவதாக நான், எட்டாவதாகச் சைக்கிள். வெளியில் வைக்க வேண்டாம் என்று நண்பனின் அப்பா தானே தூக்கி உள்ளே கொண்டு வந்து, சாமிப் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். மூன்று பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் வந்து, வரிசையில் நின்று, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் பிபிலை. வெல்லஸ்ஸ என்கிற பழைய நெல் பூமி. 1817இல் வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊவா எழும்பியபோது தீ முதலில் பற்றிய மண். மலை முதுகுப் பக்கம் போய்விட்டது. காற்று அதேதான், ஆனால் குணம் மாறிவிட்டது. உயரம் ஒவ்வொரு நூறு மீற்றர் குறையும்போதும் அரைப் பாகைக்கு மேல் சூடு கூடும் என்று பாடசாலையில் படித்ததை உடம்பு அன்றுதான் படித்தது. டவுனுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு சைக்கிள் கடை. கூரையில் டயர்கள் மாலை மாதிரி தொங்கின. மலை முடிகிற இடத்தில் சைக்கிள் கடை தொடங்குகிறது.

கடைக்காரர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். "கொஹேத மே யன்னே?" என்றார். எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி. எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. மட்டக்களப்பு என்றேன். "தனியமத?" என்றார். அந்தச் சிங்களச் சொல்லுக்குள் எங்கள் 'தனி' அப்படியே இருந்தது. என் பிரேக்குக்குப் பொருந்தும் கட்டை அவரிடமும் இல்லை. சாதாரணச் சைக்கிள் கட்டை ஒரு சோடியை எடுத்து, அரத்தால் ராவி, வாஷர் ஒன்று கூடப் போட்டு, பின்சக்கரத்தில் பொருத்திக் கொடுத்தார். தேய்ந்த பழைய கட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பதுளைப் பக்கத்திலிருந்தா?" என்று கேட்டார். கட்டையே ஊரைச் சொல்லிவிட்டது.

மஹாஓயாவுக்குப் போகிற பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம்: வெயில், காடு, நேர் ரோடு, தண்ணீர். மூன்று லீற்றர் கொண்டுபோயும் போதவில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் போகாதே, யானை ரோட்டுக்கு வரும் என்று வழியில் கண்ட எல்லாரும் சொன்னார்கள். அயர்லாந்துக்காரி டேர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில், ஐரோப்பாவின் கொடும் பனிக்காலத்தில், தனியாக இந்தியாவுக்குச் சைக்கிளில் புறப்பட்டார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் கிடைத்த அன்றே முடிவு செய்த பயணம். கிளம்ப இருபது வருடத்துக்கு மேல் ஆனது. பழுதானால் வழியில் திருத்த ஆள் கிடைக்காது என்று சைக்கிளின் கியரைக் கழற்றிவிட்டுப் போனவர் அவர். யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது கைத்துப்பாக்கியால் சுட்டுத் தப்பினார். என்னிடம் இருந்தது மணி மட்டும்தான். மூன்றரை மணிக்கே மஹாஓயாவில் ஒரு விடுதியில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அந்த ஊரின் வெந்நீர் ஊற்றில் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது, பயம் வெட்கப்பட வேண்டிய சாமான் இல்லை என்று தோன்றியது. பதுளையில் அனுப்பிவிட்ட கம்பளி வேறு பயம். இது வேறு பயம்.

நான்காம் நாள் விடியற்காலை. புல்லுமலை, கரடியனாறு. தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கின. வயல், குளம், மாட்டு மந்தை, எதிரே சைக்கிள், அதற்குப் பின்னாலும் சைக்கிள். விறகுக் கட்டோடு ஒருவர், மீன் பெட்டியோடு ஒருவர், இரட்டைப் பின்னல் போட்ட பாடசாலைப் பிள்ளைகள் மூவர் ரோட்டை அடைத்துக் கதைத்துக்கொண்டு. செங்கலடிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் வேப்ப மரம் நிற்கிற ஒரு திருத்தும் கடையில் நிறுத்தினேன்.

"எங்க இரிந்து மனே வாறாய்?" என்றார் பெரியவர்.

வெலிமடை என்றேன். இந்தக் கேள்விக்கு நான் பழக்கப்பட்டவன்தான். படிக்க வந்த முதல் வருடத்தில் இதே பக்கத்தில் இதே கேள்விக்கு நான் பதில் சொன்னால், அடுத்ததாக, "ஓ, தோட்டமா?" என்று ஒரு குரல் வரும். அந்த 'ஓ' எத்தனையோ இரவு என்னைத் தூங்க விடவில்லை. எந்தத் தோட்டம் என்று பசறையில் கேட்டால் சொந்தம் தேடுகிறார்கள். தோட்டமா என்று இங்கே கேட்டபோது தூரம் வைத்தார்கள். ஒரே சொல்தான்.

பெரியவர் அதைக் கேட்கவில்லை. என் பின்பிரேக்கைக் குனிந்து பார்த்தார். பிபிலையில் ராவிப் போட்ட கட்டையை விரலால் தடவினார். முன்கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் தேய்வைப் பார்த்தபடி, "அங்க அவ்வளவு இறக்கமா மனே?" என்றார். எனக்கு நான்கு நாளையும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னேன். எட்டம்பிட்டிய வளைவுகள், நமுனுகுலை ஏற்றம், பதின்மூன்றாம் கட்டை, கருகிய வாடை எல்லாம். அவர் நான்கு கட்டையையும் மாற்றி, ரிம்மை நேராக்கி, காற்றடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது மலைக்கு வந்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மலையில் எப்படி வீடு கட்டுவார்கள், பிள்ளைகள் எப்படிப் பாடசாலை போவார்கள் என்று விசாரித்தார். லயத்தின் அளவைக் கையால் காட்டியபோது, அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்றிரவு வந்தாறுமூலையில் பழைய அறை நண்பனோடு தங்கினேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மணல் ரோட்டில் இப்போது கல் பதித்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணி. திருகோணமலை ரோடு. கிரான் போனது, வாழைச்சேனை போனது. ஓட்டமாவடிப் பாலத்துக்கு வந்தபோது மெல்லிய உப்புக் காற்று. கை வலி தெரியவில்லையே என்று குனிந்து பார்த்தேன். நான்கு நாளாகப் பிரேக் கைப்பிடியில் வளைந்தே இருந்த எட்டு விரலும் ஹாண்டில் மேல் சும்மா கிடந்தன. எந்த இடத்தில் விட்டேன் என்று நினைவில்லை.